‘சிவந்து ஊதாவாதல்’: கன்ரனீஸ் மொழியின் புகழ்த்தொடர் ஒன்றும் அதன் சமூகப் பொருளும்

ஒரு சமூகத்திலே புகழ் எவ்வாறு உண்டாகின்றது, யாரால் வழங்கப்படுகின்றது, எவ்வளவு காலம் நிலைக்கின்றது என்னும் வினாக்களுக்கு அச்சமூகத்தின் மொழியே பெரும்பாலும் முதல் விடையைத் தருகின்றது. புகழைக் குறிக்கும் சொற்களும் மரபுத்தொடர்களும் அகராதியில் அடங்கிக் கிடக்கும் வெறும் அணிகள் அல்ல. அவற்றைத் தோற்றுவித்த சமூக உறவுகளின் சுவடுகள் அவற்றிலே பதிந்துள்ளன. ஹொங்கொங்கிலும் தென்சீனத்துக் குவாங்துங் மாகாணத்திலும் வழங்கும் கன்ரனீஸ் மொழியில், நடிகர், பாடகர் முதலானோரின் புகழ் உச்சநிலை எய்தியமையைச் சுட்டும் தொடர் ஒன்றினை இந்நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘ஹுங் டோ ஃபாற் ஜி’ என்பது அத்தொடர். ‘ஊதாவாக மாறுமளவுக்குச் சிவந்திருத்தல்’ என்பது அதன் நேர்ப்பொருள். ‘மிகப் பிரபலமாயிருத்தல்’ எனப் பொருள் கூறிவிட்டால் அது பிழையன்று, ஆயினும் போதியதுமன்று. சிவப்பு ஏன் புகழாயிற்று, ஊதா ஏன் சிவப்பினும் உயர்ந்ததாயிற்று, யாரைப்பற்றி இதனைக் கூறலாம், யாரைப்பற்றிக் கூறலாகாது என்பன விளங்கினாலன்றி இத்தொடரைப் பொருத்தமுறக் கையாளுதல் இயலாது. மேலும், இத்தொடர் புகழை ஒரு நிறம் தானே முதிர்வது போலக் காட்டுகின்றது. நிறம் ஏற்றியவர் யார் என்பதை அது கூறுவதில்லை. எனினும், அது மறைப்பதை வெளிப்படுத்தும் வேறு சொற்களையும் அதே மொழி பேணி வைத்துள்ளது. அவற்றோடு சேர்த்து நோக்கும்போதே இத்தொடரின் முழுப்பொருளும் புலனாகும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

தொடரின் அமைப்பு

இத்தொடர் நான்கு அசைகளால் ஆனது. ஒவ்வோர் அசையும் தனித்தனிச் சொல்லாகும். எழுதும்போதும் தனித்தனி எழுத்தினையே பெறும். ‘ஹுங்’ என்பது சிவப்பு. ‘டோ’ என்பது ஒரு நிலையின் எல்லையை அல்லது விளைவைச் சுட்டும் சொல். ‘ஃபாற்’ என்பது வெளிப்படுதல், தோன்றுதல். ‘ஜி’ என்பது ஊதா. கன்ரனீஸ் தொனிவேறுபாட்டால் பொருள் வேறுபடும் மொழியாதலால் இவற்றின் தொனியும் கருதத்தக்கது. முதலசை தாழ்ந்து இறங்கும். இரண்டாவதும் மூன்றாவதும் இடைநிலையில் சமமாக நிற்கும். நான்காவது உயர்ந்து ஏறும்.

இவற்றுள் இலக்கண நோக்கில் முக்கியமானது ‘டோ’ ஆகும். அன்றாடப் பேச்சிலே ‘குய் டோ ஸேய்’ என்றால் ‘சாகுமளவுக்குக் களைப்பு’; ‘துங் டோ ஜன்’ என்றால் ‘நடுங்குமளவுக்குக் குளிர்’. ஒரு பண்பு முதிர்ந்து வேறொரு நிலையைப் பிறப்பிப்பதைச் சுட்டவே இவ்வமைப்புப் பயன்படுகின்றது. வடசீனப் பேச்சினை அடிப்படையாகக் கொண்ட பொதுச் சீன மொழியிலும் இத்தொடர் உண்டு. ஆங்கு ‘டோ’ நின்ற இடத்தில் ‘த’ என்னும் இடைச்சொல் நிற்கும். எனவே தொடரின் கருத்து கன்ரனீஸுக்கு மாத்திரம் உரியதன்று. ஆயின் ‘டோ’ என்று கூறும்போது அது ஹொங்கொங்கின் பேச்சுவழக்கிற்குரிய சூட்டையும் மிகையையும் பெற்றுவிடுகின்றது.

சீன மொழியிற் பண்புச்சொல் துணைவினை எதுவுமின்றித் தானே பயனிலையாக வரும். ஆகவே ‘அவர் சிவப்பு’ என்னும் அமைப்பே ‘அவருக்கு இப்பொழுது பெருவரவேற்பு உண்டு’ என்னும் வாக்கியமாகிவிடும். தமிழிற் சிவத்தல் சினத்தையும் நாணத்தையும் குறிப்பதால், சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ் வாசகர் முற்றிலும் வேறு பொருளையே கொள்வர். கன்ரனீஸ் மொழியிலும் ‘கண் சிவப்பு’ என்றொரு வழக்கு உண்டு. அது பொறாமையைக் குறிக்கும். மேடையில் நிற்பவர் சிவப்பதும், அவரைப் பார்த்து நிற்பவரின் கண் சிவப்பதும் ஒரே நிறத்தாற் குறிக்கப்படுவது சுவையான பொருத்தமாகும்.

சிவப்பின் பொருட்புலம்

சீன மரபிற் சிவப்பு மங்கல நிறம் என்பது யாவரும் அறிந்ததே. மணப்பெண்ணின் உடையும், புத்தாண்டில் வழங்கும் கைவிசேட உறையும் சிவப்பு. ஆயினும் மங்கலம் என்பதோடு விளக்கத்தை நிறுத்திவிடுவது பொருந்தாது. ‘ஃபா ஹுங்’ (பூச்சிவப்பு) என்பது தொழிலாளருக்கு ஆண்டிறுதியில் வழங்கப்படும் மேலதிகக் கொடுப்பனவைக் குறிக்கும். ‘ஃபன் ஹுங்’ (சிவப்பைப் பகிர்தல்) என்பது இலாபத்தைப் பங்கிடுதலாகும். ‘ஹுங் யன்’ (சிவப்பு ஆள்) என்பது அதிகாரமுடையவரின் தயவைப் பெற்றிருப்பவரைச் சுட்டும். ஆக, சிவப்பு இலாபத்தின் நிறமுமாகும், தயவின் நிறமுமாகும்.

இவற்றோடு மற்றுமொரு வழக்கையும் நோக்குதல் வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹொங்கொங்கின் ஷெக் தோங் சுய் பகுதியில் அரச அனுமதி பெற்ற பரத்தையர் இல்லங்கள் இயங்கின. 1935ஆம் ஆண்டுடன் அவ்வனுமதி முறை முடிவுற்றது. அங்கு அதிக விலையும் வரவேற்பும் பெற்ற பெண் ‘ஹுங் பாய்’, அதாவது ‘சிவப்புப் பலகை’க்குரியவள் எனப்பட்டாள். இச்சொல் பின்னர் எந்தத் தொழிலிலும் முதன்மைக் கவர்ச்சியாக விளங்குபவரைக் குறிக்க விரிந்தது. ஒரு மனிதர் சிவந்திருக்கிறார் என்பது அவருடைய ஆற்றலை மதிப்பிடுங் கூற்றன்று. அவருக்குள்ள கேள்வியை மதிப்பிடுங் கூற்று என்பதற்கு இவ்வழக்கு தக்க சான்றாகும்.

ஊதாவின் உயர்வு

ஊதாவின் வரலாறு வேறுவகையானது. பண்டைச் சீனத்தில் அது முதலில் உயர்ந்த நிறமாகக் கருதப்படவில்லை. தூய செந்நிறத்தின் இடத்தை ஊதா கைப்பற்றுவதைக் கொன்பியூசியஸ் வெறுத்தார் என அவர்தம் உரைத்தொகுதி கூறும். அதே இடத்திலே, செங் நாட்டின் இசை முறைசார்ந்த இசையைக் குலைப்பதையும் அவர் வெறுத்தமை கூறப்படுகின்றது. ஊதாவும் வெகுசன இசையும் ஒருங்கே கண்டிக்கப்பட்டமை பிற்காலத்திற் பாடகரின் புகழுக்கே அந்நிறம் அளவுகோலானமையோடு ஒப்புநோக்கத்தக்கது.

கி.மு. ஏழாம் நூற்றாண்டில் சீ நாட்டை ஆண்ட ஹுவான் கோமகன் ஊதா உடையை விரும்பி அணிந்ததால் நாடு முழுவதும் ஊதா அணியத் தலைப்பட்டது என்றும், சாயமிடாத வெண்துணி ஐந்து கொடுத்தாலும் ஊதாத்துணி ஒன்று பெறமுடியாதவாறு அதன் விலை ஏறியது என்றும் ஹான் ஃபெய் என்னும் சிந்தனையாளரின் நூல் கூறுகின்றது. மேலிருப்போரின் விருப்பம் சந்தையின் விலையாக மாறுவதைக் காட்டும் பழைய கதைகளுள் இது ஒன்றாகும். தாங் வமிசக் காலத்தில் (618 – 907) ஊதாவின் இடம் சட்டத்தினாலேயே உறுதிசெய்யப்பட்டது. அரச உத்தியோகத்தர் ஒன்பது படிநிலைகளாக வகுக்கப்பட்டனர். மூன்றாம் படிக்கு மேற்பட்டோர் ஊதாவும், நான்காம் ஐந்தாம் படியினர் செந்நிறமும், அவர்க்குக் கீழ்ப்பட்டோர் பச்சையும் நீலமும் அணிந்தனர். எனவே சிவப்பிலிருந்து ஊதாவுக்கு மாறுதல் என்பது நிலமானிய அதிகார அமைப்பிலே பதவி உயர்வாகும்.

அரசவையின் படிநிலையைக் குறித்த ஊதாவும், இலாபத்தையும் தயவையும் விலையையும் குறித்த சிவப்பும் ஒரே தொடரில் இணைந்துள்ளன. அரசவை மறைந்து நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஆயினும் அதன் அளவுகோல் முதலாளித்துவக் கேளிக்கைத் தொழிலுக்குக் கைமாறியுள்ளது.

ஹொங்கொங்கும் இரு சிவப்புகளும்

கன்ரனீஸ் நாடகக் கலைஞர்க்குச் சிவப்பு வேறு வகையிலும் உரிய நிறமாகும். முத்தாற்றுக் கழிமுகத்தின் ஊர்களிடையே நாடகக் குழுக்கள் ‘சிவப்புப் படகு’களிற் சென்று நடித்தன, அதனால் நடிகர் ‘சிவப்புப் படகின் பிள்ளைகள்’ எனப்பட்டனர். 1854ஆம் ஆண்டில் லீ வென்மாவ் என்னும் கன்ரனீஸ் நாடக நடிகர், சிவப்புத் தலைப்பாகையினரின் எழுச்சியிற் சேர்ந்து சிங் அரசுக்கெதிராகப் படைநடத்தினார். அதன் விளைவாக அரசு கன்ரனீஸ் நாடகத்தையே தடைசெய்தது. நடிகரின் சங்கமான பாற் வோ 1889இல் குவாங்சௌ நகரில் நிறுவப்படும்வரை அவர்கள் பட்ட இன்னல் பெரிது. கலைஞனின் சிவப்பு ஒருகாலத்திற் கலகத்தின் சிவப்பாகவும் இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டிலே இவ்விரு பொருளும் கூர்மையாகப் பிரிந்தன. 1966க்கும் 1976க்கும் இடையிற் சீனப் பெருநிலத்திற் சிவப்பு என்பது அரசியல் நிலைப்பாட்டின் நிறமாயிற்று. எல்லைக்கு இப்பால், பிரித்தானியரின் ஆட்சியிலிருந்த ஹொங்கொங்கில், 1967 மே மாதம் செயற்கைப்பூத் தொழிற்சாலை ஒன்றில் எழுந்த தொழிற்பிணக்கு குடியேற்ற அரசுக்கெதிரான இடதுசாரிக் கிளர்ச்சியாக விரிந்தது. ஆண்டிறுதிவரை நீடித்த அக்குழப்பத்தில் 51 பேர் இறந்தனர். அதே ஆண்டு நவம்பர் 19ஆந் திகதி ரி.வி.பி. என்னும் வர்த்தகத் தொலைக்காட்சி நிலையம் தன் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒன்று மற்றொன்றிற்குக் காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் ஒரே சொல் தெருவிலே ஒரு பொருளும், வரவேற்பறையின் திரையிலே வேறொரு பொருளும் உணர்த்திய ஆண்டாக அது அமைந்தது. அதன்பின் வந்த தசாப்தங்களில் ஹொங்கொங்கின் நாளாந்த வழக்கிலே பெரிதும் ஓங்கியது இரண்டாவது பொருளே.

இவ்வோங்கலுக்குரிய பொருளியல் அடிப்படை தெளிவானது. 1960களிற் சான் போ ஜு, சியு ஃபோங் ஃபோங் ஆகிய இளம் நடிகையரை உச்சத்திற்கு உயர்த்திய இரசிகர்களிற் பெரும்பகுதியினர் தொழிற்சாலைகளில் உழைத்த இளம்பெண்கள். கையிற் சிறிதளவு கூலியும் வாரத்திற் சில மணிநேர ஓய்வும் பெற்ற ஒரு தொழிலாள வர்க்கம் தோன்றியமையே வெகுசனப் புகழுக்குரிய சந்தையைத் தோற்றுவித்தது. 1971இல் ரி.வி.பி. நடிகர் பயிற்சி வகுப்பினைத் தொடங்கியது. 1974இல் ஆங்கிலத்தோடு சீன மொழியும் ஹொங்கொங்கின் ஆட்சிமொழியாயிற்று. ஏறத்தாழ அதே காலத்திலேயே கன்ரனீஸ் மெல்லிசையும் திரைப்படமும் புத்துயிர் பெற்றன. 1983இல் ஹுங் ஹொம் பகுதியிற் பெரிய உள்ளக விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. ஏறத்தாழ 12,500 பேர் அமரக்கூடிய அவ்வரங்கு விளையாட்டினும் பார்க்கப் பாடகரின் மேடையாகவே பெயர் பெற்றது. ஹுங் ஹொம் என்னும் இடப்பெயரின் முதலெழுத்துச் சிவப்பைக் குறிக்கும் அதே எழுத்தாதலால், மக்கள் அதனைச் சுருக்கி ‘ஹுங் குன்’, அதாவது ‘சிவப்பு மண்டபம்’ என்பர். அங்கு எத்தனை இரவுகள் தொடர்ந்து பாடினார் என்பது ஒரு பாடகரின் சிவப்பை அளக்கும் எண்ணாயிற்று. 1989இன் இறுதியில் விடைபெறுமுகமாகப் பாடத்தொடங்கிய லெஸ்லி சியுங் அங்கே 33 இரவுகள் பாடினார்.

பிரயோக நெறிகள்

இனி இத்தொடரைக் கையாளும் முறையைத் தொகுத்து நோக்கலாம்.

முதலாவதாக, இது கேள்வியைக் குறிக்குந் தொடர். பெயர் வெளிப்படுதல் எனப் பொருள்படும் ‘சோற் மெங்’ என்னும் சொல் எவ்வகைப் புகழுக்கும் பொருந்தும். ஒரு வைத்தியரோ பேராசிரியரோ ‘சோற் மெங்’ ஆகலாம். ஒரு குற்றவாளியும் ஆகலாம். ஆனால் ‘சிவந்து ஊதாவானவர்’ என்று அவர்களைக் கூறினால் கேலியாகவே ஒலிக்கும். மக்கள் காசு கொடுத்துக் காண விரும்புகின்ற, நாடி வருகின்ற ஒருவரையே இத்தொடர் வேண்டிநிற்கும். பாடல், நாடகத்தொடர், உணவகம் போன்றவற்றுக்கும் விரித்து வழங்கலாம்.

இரண்டாவதாக, இது காலத்தோடு கட்டுண்டது. ‘கோய் கோ ஜன் ஹுங் டோ ஃபாற் ஜி’ என்பது மிக இயல்பான வாக்கியம். ‘அந்த நேரத்தில் அவர் புகழின் உச்சியில் இருந்தார்’ என்பது பொருள். ‘அந்த நேரத்தில்’ என்னும் சொற்கள் வரும்போது, இன்று அந்நிலை இல்லை என்னும் குறிப்பும் உடன் வரும். இன்றைய நிலையைக் கூறுவதற்குத் ‘டோங் ஹுங்’ (இப்பொழுது சிவந்திருப்பவர்) என்னும் தொடரும், திடீர்ப் புகழைக் கூறுவதற்குப் ‘பாவ் ஹுங்’ (வெடித்துச் சிவத்தல்) என்பதும் வழங்கும். இவ்வரிசையின் மறுமுனையில் நிற்பது ‘குவோ ஹேய்’ என்னும் சொல். ‘மூச்சுக் கழிந்தது’ என்பது அதன் நேர்ப்பொருள். புகழ் நீங்கிய நடிகரைச் சுட்டும் கொடிய சொல் அது. நேர்முகத்திற் கூறத்தகாதது.

மூன்றாவதாக, பேசுபவர் தம்மைப்பற்றி இதனைக் கூறுவதில்லை. கூறின் தற்பெருமையாகும், அல்லது தம்மைத் தாமே எள்ளுவதாகும். படர்க்கையே இதற்குரிய இடம். நான்காவதாக, ‘மிக’ எனப் பொருள்படும் அடையை இதன்முன் சேர்த்தல் வழுவாகும். ‘மிகச் சிவப்பு’ என்று தனித்துக் கூறலாம். ஊதா வந்தபின் அதற்கு மேற்பட்ட அளவில்லை. ஐந்தாவதாக, ‘கெ’ என்னும் இடைச்சொல்லைச் சேர்த்து இத்தொடரைப் பெயருக்கு அடையாக்கலாம். ‘ஹுங் டோ ஃபாற் ஜி கெ கோ ஸிங்’ என்றால் ‘புகழுச்சியில் விளங்கும் பாடகர்’ என்பதாகும்.

இவ்வளவுகோல் எதனை அளக்கின்றது என்பதற்குச் சௌ யுன் ஃபாற்றின் வாழ்வு தெளிவான உதாரணமாகும். ரி.வி.பி. பயிற்சி வகுப்பில் உருவான அவர் 1980இல் ‘ஷங்ஹாய்க் கரை’ தொடரின் மூலம் தொலைக்காட்சியிற் சிவந்து ஊதாவானார். அதேகாலத்தில் அவர் நடித்த படங்கள் பல வசூலிற் தோற்றமையால் ‘நுழைவுச்சீட்டு நஞ்சு’ என்றும் அழைக்கப்பட்டார். 1986இல் ஜோன் வூவின் படமொன்று பெருவெற்றி பெற்றதும் மீண்டும் சிவந்தார். இவ்வாறாண்டுகளில் அவருடைய முகமோ கலையாற்றலோ மும்முறை தலைகீழாக மாறியிருக்க முடியாது. மாறியது வசூலே.

நிறம் ஏற்றியவர் யார்?

இத்தொடரிலே எழுவாயாக வருபவர் புகழ் பெற்றவர். சிவத்தலும் ஊதாவாதலும் தன்வினைகள். பழம் பழுப்பதுபோல, வானம் செவ்வானமாவதுபோல இயற்கையாக நிகழ்வன போன்று தோன்றுவன. பிறவினை இங்கு இல்லை. ஆயின் கன்ரனீஸ் மக்கள் அப்பிறவினையை அறியாதவர்கள் அல்லர். ‘புங் ஹுங்’ என்பது அது. ‘புங்’ என்றால் இரு கைகளாலும் ஏந்துதல். ‘புங் ஹுங்’ என்றால் ஒருவரை ஏந்திச் சிவக்கச் செய்தல். தயாரிப்பாளரும் இசைத்தட்டு நிறுவனமும் தொலைக்காட்சி நிலையமும் இவ்வினைக்குரிய எழுவாய்கள். சிறிதளவு சிவப்புக்கு ஏந்துவார் வேண்டும், பெருஞ்சிவப்புக்கோ விதி வேண்டும் என்றொரு பழமொழியும் கேளிக்கையுலகில் வழங்குகின்றது. அதன் முதற்பாதி உண்மையை வெளிப்படுத்துகின்றது. இரண்டாம் பாதி அதனை மீண்டும் மூடிவிடுகின்றது. ஏந்துபவரின் கணக்கு எங்கே புலப்படாதுபோகின்றதோ அங்கே விதி புகுந்துவிடுகின்றது.

மறைக்கப்பட்ட மற்றொன்று உழைப்பு. ‘ஹுங் ஃபு ஜி’ (சிவப்புக் காற்சட்டை) என்பது நாடகக் குழுவின் பயிலுநர் அணிந்த உடை. ‘சிவப்புக் காற்சட்டையிலிருந்து வந்தவர்’ என்றால் அத்தொழிலின் அடிமட்டத்திலிருந்து படிப்படியாகப் பயின்று உயர்ந்தவர் என்பது பொருள். நாடகத்தை விட்டு நீங்கிச் சினிமாவின் சண்டைக் கலைஞர்க்கும், பின்னர் எத்தொழிலின் அனுபவசாலிக்கும் இச்சொல் வழங்கலாயிற்று. சிறுவயதிலேயே பீக்கிங் நாடகப் பள்ளியிற் சேர்க்கப்பட்டுப் பத்தாண்டுகள் கடும்பயிற்சி பெற்ற ஜாக்கி சான் இவ்வகையினர். அனிற்றா முயியும் சிறுமியாயிருந்தபோதே லாய் ச்சி கொக் கேளிக்கைப் பூங்காவின் மேடையிற் பாடி உழைத்தவர். 1982இல் புதிய பாடகர் போட்டியில் முதற்பரிசு பெற்றபோது அவர் ‘புதியவர்’. மேடையிலோ பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பாளி. 1987ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘ரூஜ்’ என்பதிலே ஷெக் தோங் சுய் பெண்ணொருத்தியின் பாத்திரத்தை அவரே ஏற்று நடித்தார். சிவப்புப் பலகையின் வரலாறும் சிவப்பு மண்டபத்தின் வரலாறும் ஒரே முகத்திற் சந்தித்த இடமாக அதனைக் கொள்ளலாம்.

சிவப்புக் காற்சட்டையும் சிவந்து ஊதாவாதலும் ஒரே நிறத்தினின்று கிளைத்தவை. ஆயினும் எதிரெதிரான இரு விளக்கங்கள். முன்னது புகழை உழைப்பின் பயனாகக் காண்கின்றது. பின்னது அதனை ஒளியாக மாத்திரம் காண்கின்றது. செய்தித்தாளின் கேளிக்கைப் பக்கம் பின்னதையே விரும்புவது இயல்பே. உழைப்பைக் கூறினால் ஊதியத்தையும் கூறவேண்டிவரும்.

ஊதாவின் விலை

‘ஃபாற் ஜி’ என்பதற்கு வேறொரு பிரயோகமும் உண்டு. கடுங்குளிரிலோ மூச்சுத்திணறலிலோ ஒருவரின் உதடு நிறம் மாறும்போதும் அது ஊதாவாயிற்று என்றே கூறுவர். புகழ்த்தொடரில் இப்பொருள் கருதப்படுவதில்லை. ஆயினும் சிவந்தவரைச் சுற்றி வம்புகள் பெருகும் என்றும், பன்றி கொழுப்பதற்கு அஞ்சுவதுபோல மனிதர் புகழுக்கு அஞ்சவேண்டும் என்றும் கன்ரனீஸ் பழமொழிகள் எச்சரிக்கத் தவறவில்லை. கொழுத்த பன்றிக்கு நேர்வது யாது என்பதை விளக்க வேண்டியதில்லை.

குவாங்துங்கைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்திற் பிறந்து ஷங்ஹாயின் மௌனப் படங்களிற் புகழுச்சி பெற்ற றுவான் லிங்யூ, தம் சொந்த வாழ்வு பத்திரிகைகளில் வம்புப் பொருளாக்கப்பட்ட நிலையில், 1935 மார்ச் 8ஆந் திகதி, 24 வயதில், தம்முயிரை மாய்த்துக்கொண்டார். அவ்வாண்டிலேயே லூ சுன் இதுபற்றிக் கட்டுரை எழுதினார். வலியோர்முன் பணிந்து நிற்கும் பத்திரிகை, தற்காப்பற்ற ஒரு பெண்ணின்முன் எத்துணை வலியதாகிவிடுகின்றது என்பதே அவர் கண்ட முரண்பாடு. புகழ் பெற்றவர் என்பதனால் அப்பெண் வலியவராகிவிடவில்லை, விற்பனைக்குரியவராகவே ஆனார்.

அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று இதன் மறுபக்கத்தைக் காட்டுகின்றது. 2022 ஜூலை 28ஆந் திகதி, ஹொங்கொங் இளைஞரின் பெருவரவேற்பைப் பெற்றிருந்த ‘மிறர்’ என்னும் பன்னிருவர் குழுவின் நிகழ்ச்சி சிவப்பு மண்டபத்தில் நடந்துகொண்டிருக்கையில், மேலே தொங்கிய பெரும் காட்சித்திரை கம்பி அறுந்து மேடையில் வீழ்ந்தது. அதன்கீழ் அகப்பட்டவர்கள் பாடகர் அல்லர். உடன் ஆடிய நடனக் கலைஞர் இருவர். அவருள் ஒருவர் முள்ளந்தண்டிற் கடுங்காயமுற்றார். திரையைத் தாங்கிய கம்பி உலோகச் சோர்வினால் அறுந்தது என்றும், மேடைக் கருவிகளின் நிறை உண்மையிலும் குறைவாகவே அறிவிக்கப்பட்டிருந்தது என்றும் அரசின் விசாரணைக் குழு கண்டறிந்தது. சிவந்து ஊதாவானவரைப் பற்றிப் பேசுவதற்கு மொழியில் ஒரு தொடர் ஆயத்தமாக இருந்தது. அவர்க்குப் பின்னால் ஆடியவரைப் பற்றிப் பேசுவதற்கோ விபத்து ஒன்று நிகழவேண்டியிருந்தது.

இணையத்தின் வருகையோடு ‘மோங் ஹுங்’ (வலைச் சிவப்பு) என்னும் புதுச்சொல் சீனப் பெருநிலத்திலிருந்து கன்ரனீஸ் வழக்கினுள்ளும் புகுந்துள்ளது. சமூக வலைத்தளங்களிற் புகழ்பெற்று, அப்புகழைப் பொருள்விற்பனைக்குப் பயன்படுத்துவோரை அது குறிக்கும். இலாபத்தைப் பகிர்தலும் சிவப்பு, புகழும் சிவப்பு என்னும் பழைய இணைப்பு இச்சொல்லில் ஒளிவுமறைவின்றி வெளிப்படுகின்றது.

மொழிபெயர்ப்பும் முடிவும்

தமிழில் இதற்கு நெருங்கிய ஈடு ‘கொடிகட்டிப் பறத்தல்’ என்பதாகும். இரண்டும் அரச ஆட்சியின் சின்னத்தைக் கேளிக்கையுலகிற்கு மாற்றியவை. ஒன்று உடை, மற்றொன்று கொடி. இரண்டும் பெரும்பாலும் இறந்தகாலத்திலேயே வழங்குவன. ‘அக்காலத்திற் கொடிகட்டிப் பறந்தார்’ என்று நாம் கூறும்போதும் இன்று கொடி இறங்கிவிட்டது என்பது குறிப்பால் உணரப்படும். ஆகவே உரைநடை மொழிபெயர்ப்பில் இதனைத் தயங்காது கொள்ளலாம். நிறத்தைப் பற்றிய சொல்விளையாட்டு மூலத்தில் இடம்பெறுமாயின் ‘சிவந்து ஊதாவாதல்’ என நேர்படப் பெயர்த்து விளக்கம் தருதலே தக்கது. ‘புகழ்’ என்னும் சொல்லை மாத்திரம் இட்டு நிரப்புவது பொருந்தாது. தமிழிற் புகழ் ஒருவர் மாண்டபின்னும் நிற்பதாகக் கருதப்படுவது. கன்ரனீஸ் சிவப்போ அவர் வாழும்போதே மூச்சுக் கழிந்துவிடக்கூடியது.

சுருங்கக் கூறின், ‘ஹுங் டோ ஃபாற் ஜி’ என்னும் தொடரைச் சரியாக வழங்குதல் என்பது யாரைப்பற்றி, எக்காலத்தைக் குறித்து, யார் கூறலாம் என்பதை அறிவது மாத்திரமன்று. அதனோடு ஏந்துதலைக் குறிக்கும் ‘புங்’ என்பதையும், உழைப்பைக் குறிக்கும் சிவப்புக் காற்சட்டையையும், கழிவைக் குறிக்கும் ‘குவோ ஹேய்’ என்பதையும் சேர்த்துக் கற்றல் வேண்டும். முதல் தொடரை மாத்திரம் அறிந்தவர் கேளிக்கைப் பக்கத்தை வாசிக்க வல்லவராவார். ஏனைய மூன்றையும் அறிந்தவரோ, அப்பக்கம் கூறாது விடுத்தவற்றையும் வாசிக்க வல்லவராவார். அவை யாவும் மக்கள் தம் அனுபவத்தினின்று உருவாக்கி வைத்த சொற்களே. ஆதிக்கத்தின் மொழியிலுள்ள மௌனங்களை நிரப்புவதற்கு வேண்டிய சொற்கள் பெரும்பாலும் அதே மொழியிலேயே, தொழில் புரிவோரின் வாயிலே, வழங்கிக்கொண்டிருக்கின்றன. அவற்றைத் தேடித் தொகுப்பது மொழியாய்வின் தலையாய கடமைகளுள் ஒன்றாகும்.